மாப்பிள்ளைக்கு ஒரு ஹெலிகாப்டர்

முதன்முதலாக ரிமோட் ஹெலிகாப்டர் வாங்க வருகிறவர்கள் எல்லோரும் கைநீட்டிக் காட்டுவது மேல்தட்டில் இருக்கும் பெரியதைத்தான். இருபத்தெட்டு வருடமாகப் பார்க்கிறேன், இதில் மாற்றமே இல்லை. டாக்டர் வந்தாலும் அதுதான், தச்சர் வந்தாலும் அதுதான். நான் அதைக் கீழே இறக்க மாட்டேன். முதலில் உட்காரச் சொல்வேன். வீட்டில் பெரிய அறை எது, மின்விசிறி எவ்வளவு தாழத் தொங்குகிறது, பூனை இருக்கிறதா என்றெல்லாம் கேட்பேன். வாடகைக்கு வீடு விடுகிறவர்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டார் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனார்.

விசாரித்து முடித்ததும் கண்ணாடிப் பெட்டியிலிருந்து உள்ளங்கையில் அடங்குகிற ஒன்றை எடுத்து வைப்பேன். அதற்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு இறக்கை. இரண்டும் எதிரெதிராகச் சுற்றுவதால் தானாகவே நிதானமாக நிற்கும். சுவரில் மோதினால் சுவருக்கும் ஒன்றும் ஆகாது, அதற்கும் ஒன்றும் ஆகாது. விரலில் பட்டால் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். அதில் மூன்று மாதம் பழக வேண்டும். பிறகு நடுத்தரம். பெரியதைப் பற்றி ஒரு வருடம் கழித்துப் பேசலாம். “பொடிசுலருந்து ஆரம்பிங்க” என்று நான் சொல்லிச் சொல்லியே வாடிக்கையாளர்கள் எனக்குப் ‘பொடிசு சார்’ என்று பேர் வைத்துவிட்டார்கள். அவசரப்பட்ட எத்தனையோ பேரை வாசல்வரை கொண்டுபோய்விட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் எழுத்தர் ‘கவனக்குறைவு’ என்று எழுதியிருப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. அதை அடித்துவிடச் சொல்லுங்கள். என் வேலையில் நான் ஒருநாளும் கவனக்குறைவாக இருந்ததில்லை.

என் மனைவி இறந்தபோது மகளுக்கு ஐந்து வயது. வீட்டில் அவளைப் பாப்பா என்போம், இப்போது முப்பத்தொன்று ஆகிறது, இன்னும் பாப்பாதான். அவளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க எனக்கு மனம் வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் கடைக்கே வந்துவிடுவாள். வேலைமேசைக்கு அடியில் ஒரு பாய் போட்டிருந்தேன். எட்டு வயதில் ஒயரைப் பற்றவைக்கக் கற்றுக்கொண்டாள். பத்து வயதில் அவளிடம் ஒரு சாமர்த்தியம் இருப்பது தெரிந்தது. யாராவது மூக்கு உடைந்த ஹெலிகாப்டரைக் கொண்டுவந்தால், அந்தப் பழைய வண்ணத்தை அப்படியே கலந்துவிடுவாள். வெயிலில் வெளுத்த மஞ்சள், எண்ணெய் பட்டுக் கருத்த மஞ்சள் என்று அவளுக்கு மஞ்சளே முப்பது வகை. ஒட்டுப்போட்ட இடம் எது என்று எனக்கே தெரியாது.

அந்தக் கண்தான் அவளுக்குச் சோறு போட்டது. பல் மருத்துவர்களுக்குச் செயற்கைப் பல் செய்து கொடுக்கும் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு ஏற்றபடி பீங்கான் மாவைக் குழைத்து, மயிர்போன்ற தூரிகையால் அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். வயதானவர்களின் பல்லுக்கு உள்ளே மெல்லிய கீறல்கூட வரைவாள். உண்மையான பல் மாதிரி இருக்கக் கூடாதுப்பா, அந்த ஆளோட பல் மாதிரி இருக்கணும் என்பாள். சாயங்காலம் வேலை முடிந்து நேரே கடைக்கு வருவாள். நான் ஷட்டரை இறக்குவேன், அவள் பூட்டுவாள். கல்யாணம் ஆன பிறகும் அது நிற்கவில்லை.

மாப்பிள்ளையைப் பற்றிக் கேட்டீர்கள். நல்ல மனிதர். பேருந்துகளுக்குக் கால அட்டவணை போடும் அலுவலகத்தில் வேலை. ஒரு பேருந்து எந்த நிறுத்தத்தில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று துல்லியமாகச் சொல்வார், ஆனால் கையில் கொடுத்த டம்ளர் முழுசாகத் திரும்பி வராது. நெட்டையான ஆள். என் கடைக்குள் வரும்போதெல்லாம் மேலே தொங்கும் விமானத்தில் தலையை இடித்துக்கொண்டு, அதனிடமே மன்னிப்புக் கேட்பார். அவர்மேல் எனக்குக் கோபம் இருந்ததா என்றால், இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது, நான்கு மாதத்தில் கிளம்புகிறோம் என்றார்கள். ரொம்ப சந்தோஷம் என்றேன். பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வருடத்துக்கு ஒருமுறை வருவோம், நீங்களும் வரலாம், தினமும் வீடியோவில் பேசலாம் என்று மாப்பிள்ளை அடுக்கிக்கொண்டே போனார். நான் எழுந்து தட்டுகளைக் கழுவினேன். கழுவின தட்டுகளையே மறுபடி கழுவிக்கொண்டிருந்ததைப் பாப்பாதான் கவனித்து, குழாயை மூடினாள்.

மகளை மாப்பிள்ளை அழைத்துக்கொண்டு போகிறார் என்றுதான் பக்கத்துக் கடைக்காரர்களிடம் சொன்னேன். எல்லோரும் அதுதானே உலகம் என்றார்கள்.

இரண்டு வாரம் கழித்து மாப்பிள்ளை தனியாகக் கடைக்கு வந்தார். தலையை இடித்துக்கொண்டார். அங்கே போய்ப் பறக்கவிட ஒரு ஹெலிகாப்டர் வேண்டும் என்றார். இத்தனை வருடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்றுமே கற்றுக்கொள்ளவில்லையே என்று அவருக்கு வருத்தமாம்.

“எனக்குப் பொடிசு போதும் மாமா. நீங்க எல்லார்கிட்டயும் சொல்றதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு” என்றார்.

கண்ணாடிப் பெட்டியில் ஒன்றைக் காட்டவும் செய்தார். சரியானதைத்தான் காட்டினார். எனக்குத் தெரிந்து, முதல் தடவையே சரியானதைக் கேட்ட ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

நான் மேல்தட்டிலிருந்து பெரியதை இறக்கினேன்.

அவரை மாற்ற எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பொடிசு வெளியில் காற்றடித்தால் பறந்துவிடும், நீங்கள் போகிற இடம் திறந்தவெளி, பெரியது காற்றுக்கு அசையாது என்றேன். அது உண்மைதான். பெரியதுதான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் என்றேன். அதுவும் உண்மை. நான் கூட இருக்கும்போதே கற்றுக்கொண்டுவிடலாமே என்றேன். அவர் தயங்கினார். கடைசியில், மாமா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டினார்.

அதன் இறக்கை ஒவ்வொன்றும் முழங்கையிலிருந்து விரல்நுனிவரை இருக்கும். கார்பன் நாரில் செய்தது. நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று. எண்ணெயில் ஓடும் இயந்திரமென்றால் சத்தம் போடும், புகைவிடும், ஆள் தானாகவே தள்ளி நிற்பான். மின்சாரத்தில் ஓடுவது அப்படியில்லை. பேட்டரியை மாட்டிய நொடியிலிருந்து அது விழித்துக்கொண்டுதான் இருக்கும், பார்த்தால் தூங்குகிற மாதிரி இருக்கும். அதனால் ரிமோட்டில் ஒரு சுவிட்ச் வைத்திருப்பார்கள். அதைத் தள்ளிவிட்டால், மற்ற எதை அசைத்தாலும் மோட்டார் ஓடாது. நாங்கள் அதைப் பூட்டு என்போம். பூட்டைப் போடாமல் யாரும் கிட்டே போகக் கூடாது. என் கடையில் பெரியதை வாங்கியவர்கள் எல்லோரையும் இதைப் பத்துத் தடவை திரும்பச் சொல்ல வைத்துத்தான் அனுப்புவேன்.

மாப்பிள்ளையின் ரிமோட்டை நானே உட்கார்ந்து அமைத்தேன். ஒரு முழுப் பகல் ஆயிற்று. எந்த சுவிட்ச் எந்த வேலையைச் செய்ய வேண்டும் என்று அதன் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். பூட்டுக்கு நேராக வந்ததும் ‘இல்லை’ என்று குறித்தேன். மோட்டார் படிப்படியாக வேகமெடுக்க ஓர் அமைப்பு உண்டு, அதையும் எடுத்துவிட்டேன். பிறகு அந்த வேலையில்லாத சுவிட்சின்மேல் சிவப்பு நாடா ஒட்டினேன். அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன்.

“இதைத் தள்ளிட்டீங்கன்னா மோட்டார் ஓடவே ஓடாது. தைரியமா கிட்ட போகலாம்” என்றேன்.

அவர் பத்துத் தடவை திரும்பச் சொன்னார். நான் கேட்காமலேயே சொன்னார்.

செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாக ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். ஒன்பது படிகள். அதில் எட்டுப் படிகள், எந்த ஆரம்பக்காரருக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கக்கூடியவை.

அடுத்த ஞாயிறு காலை அவரும் பாப்பாவும் மூடிக்கிடக்கும் ஆலைக்குப் பின்னால் இருக்கும் மைதானத்துக்குப் போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். சரக்கு வருகிறது, நீங்கள் ஆரம்பித்துவையுங்கள், பின்னால் வருகிறேன் என்றேன். சரக்கு எதுவும் வரவில்லை. கடையில் உட்கார்ந்து ஒரு பெட்டி திருகாணிகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு மாப்பிள்ளையின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவர் இல்லை, அங்கே நடைப்பயிற்சிக்கு வந்த யாரோ ஒருவர்.

நடந்தது இதுதான். தாளைப் பார்த்து ஒவ்வொரு படியாகச் செய்திருக்கிறார்கள். பேட்டரியை மாட்டி, மாப்பிள்ளை சிவப்பு நாடா ஒட்டிய சுவிட்சைத் தள்ளியிருக்கிறார். எட்டாவது படி, இறக்கைகள் சரியாகச் சாய்கின்றனவா என்று பார்ப்பது. பூட்டு போட்டிருந்தால் அதில் ஒரு ஆபத்தும் இல்லை. மாப்பிள்ளை ரிமோட்டின் ஸ்டிக்கை மேலே ஏற்றினார். இறக்கை சாயவும் செய்தது, சுற்றவும் செய்தது. பாப்பா பக்கத்தில் மண்டியிட்டிருந்தாள்.

வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டைவிரல் இருக்கிறது, மடங்காது. டாக்டர் ரொம்பப் பொறுமையாக விளக்கினார். மண் ஒட்டியிருந்ததால் தைத்தது சேரவில்லை என்றார். பாப்பா மயக்கம் தெளிந்து முதலில் கேட்டது, அவர் சாப்பிட்டாரா என்று.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் ரத்தம். துணிக்கடைக்குப் போய் வேறு சட்டை வாங்கிவந்து நான்தான் மாற்றிவிட்டேன். பழைய சட்டைப்பையில் அந்தத் தாள் நாலாக மடித்து இருந்தது. அதை எடுத்துக்கொண்டேன்.

“நான் பூட்டைப் போட்டேன் மாமா. போட்டேன்னுதான் நினைக்கிறேன்” என்றார்.

பதற்றத்தில் யாருக்கும் நடக்கக்கூடியதுதான், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றேன். அன்று அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் அவர் அதே கேள்வியைக் கேட்டபோது, பழக்கமில்லாத கைக்கு அரைகுறையாகத் தள்ளினாலும் தள்ளின மாதிரி இருக்கும் என்றேன். நான்காம் நாள் அவராகவே, நான் போடலை போலிருக்கு மாமா என்றார். தோளில் கைவைத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதார். இந்த ஒரு இடத்தில்தான் எனக்குச் சொல்வதற்குச் சங்கடமாக இருக்கிறது. அவர் அழுதபோது எனக்கும் கண்ணீர் வந்தது. உண்மையாகவே வந்தது.

கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா.

பிறகு மூன்று மாதம் இருவரும் என் வீட்டில் இருந்தார்கள். பாப்பாவின் பழைய அறையை ஒழித்துக் கொடுத்தேன். மாப்பிள்ளை அங்கே படுக்கவில்லை, அவள் கையைப் பார்க்க முடியாமல் கூடத்தில் படுத்துக்கொண்டார். அலுவலகத்துக்குப் போவார், வருவார், கேட்டதற்குப் பதில் சொல்வார். டம்ளர் உடைவது நின்றுவிட்டது, ஏனென்றால் அவர் எதையும் கையில் எடுப்பதே இல்லை.

பாப்பாவுக்குப் பொத்தான் போட்டுவிட்டேன். பழத்தைச் சின்னத் துண்டுகளாக்கி முள்கரண்டியில் குத்திக் கொடுத்தேன். இடது கையால் எழுதப் பழகினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொண்டேன். மதியம் கடைக்கு அழைத்துக்கொண்டு வருவேன். கல்லாவுக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி. வாடிக்கையாளர்கள் விசாரிப்பார்கள், நான் பதில் சொல்வேன், அவள் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பாள். வெளிநாட்டு வேலையைப் பற்றி வீட்டில் யாரும் வாயெடுக்கவில்லை. கேட்டால் கேவலமாகத் தோன்றும், ஆனால் உள்ளதைச் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். அவள் அம்மா போன பிறகு நான் நிம்மதியாகத் தூங்கியது அந்த மூன்று மாதம்தான்.

இங்கே ஒன்றைத் திருத்த வேண்டும். முன்பு, வேலை கிடைத்திருக்கிறது என்றார்கள் என்று சொன்னேன். கடிதம் வந்தது பாப்பாவின் பெயருக்கு. அங்கே ஒரு பெரிய பல் கூடத்தில் அவள் வேலையைப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டிருந்தார்கள். மாப்பிள்ளைதான் தன் வேலையை விட்டுவிட்டு அவள் பின்னால் போகவிருந்தார். இதை ஆரம்பத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

நான்காம் மாதம் அந்தப் பல் கூடத்திலிருந்து மறுபடி கடிதம் வந்தது. நடந்ததை எழுதி, வர முடியாது என்று பாப்பா சொல்லியிருந்தாள். அவர்கள் விடவில்லை. செய்வதற்கு எங்களிடம் இருபது பேர் இருக்கிறார்கள், நிறம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆளில்லை, உங்கள் கண் போதும், வாருங்கள் என்று எழுதியிருந்தார்கள். அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள், “நான் போறேன்ப்பா” என்றாள். கை போன பிறகு அவள் முகத்தில் முதல்தடவையாக வெளிச்சத்தைப் பார்த்தேன்.

மாப்பிள்ளைதான் பிடிவாதமாக இருந்தார். உன் கையை எடுத்தவன் உன்னோடு எப்படி வருவேன், நீ மட்டும் போ என்றார். அவரைச் சமாதானப்படுத்த அவள் என்னென்னவோ சொல்லிப்பார்த்தாள். கடைசியில், அந்த இயந்திரத்தில்தான் ஏதோ கோளாறு இருந்திருக்க வேண்டும், அதைக் கண்டுபிடித்துக் காட்டினால் அவர் நம்புவார் என்று நினைத்திருக்கிறாள். நான் மொத்த வியாபாரியைப் பார்க்கப் போயிருந்த ஒரு மதியம், கடையின் பின்னறையிலிருந்து அந்த ரிமோட்டை எடுத்திருக்கிறாள். ஏன் அதைத் தூக்கி எறியவில்லை என்று கேட்காதீர்கள். நல்ல பொருள், எறிய மனம் வரவில்லை.

நான் திரும்பி வந்தபோது வேலைமேசையில் உட்கார்ந்திருந்தாள். ரிமோட்டின் திரை எரிந்துகொண்டிருந்தது. இடது கையால் ஒவ்வொரு பக்கமாகத் தள்ளிப் பார்த்திருக்கிறாள். எனக்கு அருகில் உட்கார்ந்து அதையெல்லாம் கற்றவள்தானே.

“அப்பா, பூட்டுக்கு நேரா ‘இல்லை’ன்னு இருக்கு.”

பார்த்தேன். ஆமாம் என்றேன்.

“இது தானா மாறாது இல்ல?”

மாறாது என்றேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

ரிமோட்டை அணைத்தாள். தெருவில் யாரோ காரைப் பின்னால் எடுக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தார்கள். பிறகு, அவருக்காகவா எனக்காகவா என்று கேட்டாள். மாப்பிள்ளைக்கு ஒரு விரல் முறிந்தால் பயணம் தள்ளிப்போகும், அவ்வளவுதான் நினைத்தேன் என்றேன். நெடுநாளாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்த பதில் அது, சுலபமாக வந்தது.

“அவர் தள்ளி நின்னு ரிமோட்டைப் பிடிக்கணும், பாப்பா கிட்ட உட்கார்ந்து வலது கையால இறக்கையோட நுனியைப் பிடிச்சுக்கணும். அதானேப்பா எட்டாவது படி? அவருக்கு உங்க கையெழுத்து புரியலை. நான்தான் படிச்சுக் காட்டினேன்.”

குரலை உயர்த்தவில்லை. கணக்குச் சரிபார்ப்பதுபோல் கேட்டாள். நான் அந்தத் தாளை எரித்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரியாது, ஆனால் அவளுக்குத் தாள் தேவையாக இருக்கவில்லை. வலது கையால் என்று எழுதினேனா என்று யோசித்துப் பார்த்தேன். எழுதியிருந்தேன். முதலில் ‘கையால்’ என்று எழுதிவிட்டு, ‘வலது’ என்பதை மேலே சேர்த்திருந்தேன்.

அன்றே இருவரும் வீட்டைவிட்டுப் போய்விட்டார்கள். உடுத்திய துணியோடு போனார்கள். வாசலில் நின்று அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அவர்மேல தப்பில்லைன்னு நீங்க உங்க வாயால அவர்கிட்ட சொல்லிடுங்க. அது போதும். வேற எதுவும் வேண்டாம்.” போலீஸ் என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றுகூடச் சொன்னாள். வருகிற பதினாலாம் தேதி கிளம்புகிறார்கள். இரண்டு பேரும்தான்.

மாப்பிள்ளையிடம் நான் இன்னும் பேசவில்லை. நேரே இங்கே ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ஒரு ஆளிடம் சொல்வதைவிட முறைப்படி எழுத்தில் கொடுப்பது நல்லது என்று தோன்றியது. அந்த சுவிட்சை வேலை செய்யாமல் வைத்தது நான். பாப்பாவை அதன் பக்கத்தில் உட்காரவைத்தது நான். என் மகளின் வலது கையைத்தான் நினைத்தேன், வேறு யாரையும் நினைக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒரே ஒரு சந்தேகம். இந்த வழக்கில் முக்கியமான சாட்சி அவள்தானே? விசாரணை முடிகிறவரை அவள் நாட்டைவிட்டுப் போக முடியாது இல்லையா? அதற்கு ஏதாவது தனியாக மனு எழுத வேண்டுமென்றால் அதையும் இப்போதே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். பதினாலாம் தேதிக்கு இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது.